ஏழாம் படுக்கை

அத்தியாயம் – 11

மருத்துவமணை.

ஓர் இடத்தில் என்றால் விரல் தவறிவிட்டது என்று விட்டுவிடலாம். ஒன்பது வரிக்குள் மூன்று இடத்தில் அதே பிழை. 'மனை' இருக்க வேண்டிய இடத்தில் 'மணை'. மருத்துவத்தைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற பலகை போலிருக்கிறது.

பெரியவள் காலை டீயை ஆறவிட்டுவிட்டு, கைபேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு முறை படித்தாள். சந்தேகமே இல்லை. இந்தப் பிழையை அவளுக்கு இருபத்தைந்து வருடமாகத் தெரியும். தம்பி மூன்றாம் வகுப்பு படித்த காலத்தில் அவன் நோட்டில் சிவப்புப் பென்சிலால் நூறு தடவையாவது அடித்துத் திருத்தியிருப்பாள். அவன் வளர்ந்து, மீசை வைத்து, லிஃப்ட் மெக்கானிக்காகிக் கம்பெனிச் சட்டையும் போட்டாயிற்று. 'ணை' மட்டும் அவனை விடவில்லை.

கையும் களவுமாக மாட்டியிருக்கிறான். ஆனால் மாட்டியது அவன் மட்டுமா?

இந்தக் கதைக்கு இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் பெரியவள் பன்னிரண்டு வருடமாகச் சம்பளமில்லாத வேலைக்காரி. அங்கே அவளுக்குப் பெயர் 'முற்றுப்புள்ளி'. ஏதோ ஓர் ஆற்றின் நீளத்துக்காகவோ, செத்துப் போன ராஜாவின் பிறந்த வருடத்துக்காகவோ இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால், நடுவில் புகுந்து, ஆதாரம் கேட்டு, இருவரையும் சமாதானப்படுத்தி அனுப்புவாள். அவள் தலையிட்ட சண்டை ஒரு வாரத்துக்கு மேல் ஓடியதில்லை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் சண்டை அவள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

இருபத்தாறு வருடத்துக்கு முன் இதே ஊர் மருத்துவமனையில் நடந்த தீவிபத்தைப் பற்றிய கட்டுரை அது. ஐந்து பேர் இறந்தார்கள். நான்கு பேர் மாடியில், ஒருவர் தரைத்தளத்துப் பொதுப்பிரிவில். அந்த ஒருவரைப் பற்றிக் கட்டுரையில் இரண்டே வாக்கியங்கள்: 'பணியில் இருந்த செவிலியர் பத்து நோயாளிகளை வெளியேற்றிவிட்டு உயிர் தப்பினார். வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்த ஒரு நோயாளி மீண்டும் உள்ளே சென்றதால் உயிரிழந்தார்.' விசாரணை அறிக்கையே அப்படித்தான் சொல்கிறது. அடிக்குறிப்பும் இருக்கிறது.

அந்தச் செவிலியர் பெரியவளின் அம்மா. இதை அவள் அங்கே ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

'ஏழாம் படுக்கை' என்ற பெயரில் புதிதாக ஒருவர் வந்தார். 'ஒரு நோயாளியை உள்ளே விட்டுவிட்டுச் செவிலியர் தப்பிச் சென்றார்' என்று மாற்றினார். பெரியவள் பழையபடி ஆக்கினாள். அவர் மாற்றினார். இவள் பழையபடி ஆக்கினாள். கடைசியில் நிர்வாகிகள் கட்டுரைக்கே பூட்டுப் போட்டுவிட்டு, மத்தியஸ்தத்துக்கு ஒருவரை அனுப்பினார்கள். 'பழைய ரேடியோ' என்று பெயர். பெயருக்கு ஏற்றாற்போல நிதானமாகச் சூடேறி, நிதானமாகப் பேசுகிற மனிதர். அவர் மூன்று நாள் முன்பு கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் இருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

'இந்தச் சம்பவத்தோடு உங்களுக்குத் தனிப்பட்ட தொடர்பு உண்டா? வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்லிவிடுங்கள். பிறகு நான் முடிவெடுக்கிறேன்.'

'உண்டு. இறந்தவர் என் அப்பா' என்று ஏழாம் படுக்கை அன்றே பதில் போட்டுவிட்டார்.

முற்றுப்புள்ளி பதில் போடவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

உண்டு என்று சொன்னால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர்கள் சொந்தக்காரர்களைப் பற்றி எழுதக்கூடாது என்பது விதி. அந்த விதியை அவளே எத்தனையோ பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறாள். அவள் ஒதுங்கினால், உலகமே பார்க்கிற பக்கத்தில் அம்மா நோயாளியை விட்டுவிட்டு ஓடியவளாக நிற்பாள். இல்லை என்று சொன்னால் பச்சைப் பொய். இதில் நேற்று 'நேர்மை நெஞ்சம்' என்று ஒரு புதுப் பெயர் முளைத்து, முற்றுப்புள்ளிக்கு வக்காலத்து வாங்கி, ஏழாம் படுக்கையை வாய்க்கு வந்தபடி திட்டி, மூன்று 'மருத்துவமணை'யும் எழுதிவிட்டுப் போயிருக்கிறது.

---

ஷூ மாட்டிக்கொண்டு படியில் இறங்கப் போன தம்பியைப் பெரியவள் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். உள்ளே அம்மா படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் விரிப்பின் மூலையை ஆஸ்பத்திரிக் கணக்காக மடித்துச் செருகினால்தான் அவளுக்கு அன்றைய பொழுது விடியும்.

"நேர்மை நெஞ்சம் யாருடா?"

தம்பி ஒரு விநாடி திருதிருவென்று விழித்தான். பிறகு துணிந்துவிட்டான்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு பேரு?"

"மெதுவாப் பேசு. உன்னை யார் மூக்கை நுழைக்கச் சொன்னா?"

"நீ அஞ்சு வாரமா சட்டம் பேசிட்டிருக்க. அவன் அஞ்சு வாரமா அம்மாவை ஓடிப்போனவள்னு எழுதறான். யாராவது கேக்க வேண்டாமா?"

"கேக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. 'செத்தவரை வச்சு நாடகம் ஆடறியா'ன்னு எழுதியிருக்கியே, படிச்சுப் பாத்தியா அதை? அப்பாவைப் பறிகொடுத்தவங்ககிட்ட பேசற பேச்சா அது?"

"அப்ப அம்மாவைப் பேசலாமா?"

"நம்ம வீட்டு இணைப்புலேருந்துதானே எழுதின? ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு நினைப்பாங்க. பன்னிரண்டு வருஷம்டா. ஒருத்தர் என்னை ஒரு சொல் சொன்னதில்ல."

"உனக்கு உன் பேரு. எனக்கு என் அம்மா." அவன் குரல் உயர்ந்துவிட்டது. "எவனோ முகமே இல்லாதவன், ஏழாம் படுக்கைன்னு பேரு வச்சுக்கிட்டு..."

உள்ளே விரிப்பு உதறும் சத்தம் நின்றது.

இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.  பிறகு அம்மாவின் குரல், எப்போதும் போலத்தான், வந்தது. "ரெண்டு பேரும் படியில நின்னு என்ன பேச்சு? நேரமாகல?"

"ஆச்சும்மா, கிளம்பிட்டோம்" என்றாள் பெரியவள். தம்பியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "எழுதினதைத் திரும்ப எடுத்துக்கறேன்னு அங்க போட்டுட்டு, அந்தக் கணக்கை மூடு. இன்னிக்கே."

"நீ மொதல்ல அந்தக் கேள்விக்கு இல்லைன்னு போடு. ஒரே வார்த்தை. விஷயம் முடிஞ்சுது."

அவன் தடதடவென்று இறங்கிப் போனான். ஒரே வார்த்தைதான். மூன்று நாளாக அந்த வார்த்தை அவளுக்குத் தொண்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

---

பெரியவளுக்கு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைப்பார்களே, யாருமே படிக்காத தாள், அதைப் படிக்கிற ஒரே ஆள் அவள்தான். எறும்பு எழுத்து. ஒரு நாளைக்கு இருபது தாள். எந்த வேளை, எத்தனை, யார் சாப்பிடக்கூடாது என்று ஒவ்வொரு சொல்லாக அளவுகோலை வைத்து நகர்த்திப் படிக்க வேண்டும்.

பதினோரு மணிக்கு மேற்பார்வையாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இது நீங்க பாத்ததா?"

"ஆமா சார்."

"'உணவுக்குப் பின்'னு இருக்கணும். 'முன்'னு இருக்கு. ஓட்டறதுக்கு முன்னாடி நான் பாத்தேன். இல்லேன்னா அம்பதாயிரம் தாள்." அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உங்க கண்ணுலேருந்து கூட ஒண்ணு தப்புமா?"

"சாரி சார்."

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். நல்லாத்தான் இருக்கேன்."

சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைத் திறக்காமலேயே கைபேசியைத் திறந்தாள். உரையாடல் பக்கத்தில் இரண்டு புதுப் பதிவுகள். முதலாவது பழைய ரேடியோவிடமிருந்து.

'முற்றுப்புள்ளி அவர்களுக்கு. உங்கள் கணக்கும் நேர்மை நெஞ்சம் என்ற கணக்கும் ஒரே வீட்டு இணைப்பிலிருந்து வருவதாக நிர்வாகி சொல்கிறார். எனக்கு நம்ப மனமில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள். ஐந்து மணி வரை காத்திருக்கிறேன்.'

 இத்தனை மரியாதையாகக் கேட்கிறவரிடம் எப்படிப் பொய் சொல்வது? எந்த முகத்தை வைத்துக்கொண்டு உண்மை சொல்வது?

இரண்டாவது பதிவு ஏழாம் படுக்கையுடையது. இதுவரை அவர் எழுதியதெல்லாம் கோபம். இன்றைக்குக் கோபத்தைக் காணோம்.

'நேற்று என்னைத் திட்டியவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்று எனக்குப் பதினோரு வயது. அப்பாவை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். சித்தப்பாவோடு வண்டி பிடிக்கப் போனேன். நான் போகும்போது அப்பா படுக்கையில் உட்கார்ந்திருந்தார். வலது கால் இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. இரண்டு பேர் பிடிக்காமல் அவரால் நான்கு அடி வைக்க முடியாது. அவர் வெளியே போய்விட்டு மறுபடி உள்ளே போனார் என்று அறிக்கை சொல்கிறது. எந்தக் காலால் போனார்? பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே "சென்றார்" என்று எழுதியிருந்ததாம். சென்றவர் அப்பா இல்லை. எழுதியவர்தான் சென்றார். அந்தச் சொல்லைத்தான் நான் அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன்.'

பெரியவள் அதை மூன்று தடவை படித்தாள்.

மாவுக்கட்டு விஷயம் அவளுக்குப் புதிதல்ல. இரண்டு வாரத்துக்கு முன்பு ஏழாம் படுக்கை அதைக் கட்டுரையிலேயே எழுதியிருந்தார். அதன் தலைமாட்டில் 'மேற்கோள் தேவை' என்று குறி போட்டது இவள்தான். ஏழு நாள் பொறுத்து, அச்சில் வந்த ஆதாரம் எதுவும் கொடுக்கப்படவில்லை என்று காரணம் எழுதி, அந்த வரியை எடுத்ததும் இவள்தான். விதிப்படி செய்தாள். யாரும் குறை சொல்ல முடியாது.

அறிக்கையை அவள் பதினான்கு தடவை படித்திருக்கிறாள். பக்க எண் வரை மனப்பாடம். ஆனால் எந்தக் காலால் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அம்மா பத்துப் பேரை வெளியே கொண்டுவந்தவள். பன்னிரண்டு வயதில் அதைக் கேட்டபோது நெஞ்சு விம்மியது. அதற்குமேல் எதையும் கேட்கத் தோன்றவில்லை.

அம்மாவும் எதையும் சொன்னதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் முகமெல்லாம் கரியோடு வீட்டுக்கு வந்தாள். குளித்தாள். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டாள். அடுத்த மாதம் புறநோயாளிப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனவள்தான். அப்புறம் படுக்கை போட்ட எந்தப் பிரிவிலும் ஓய்வு பெறும்வரை கால் வைக்கவில்லை. முதுகுவலி என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டார்கள்.

மூன்று மணிக்குப் பெரியவள் மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள். "சார், நீங்க கேட்டீங்களே. உடம்பு சரியில்லைதான்."

---

வீட்டு வாசலில் தம்பியின் ஷூ கிடந்தது. இந்த நேரத்துக்கு அவன் எங்காவது எட்டாவது மாடியில் கம்பிக் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

உள்ளே சாப்பாட்டு மேசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடி, கைபேசி, பக்கத்தில் ஒரு நோட்டு. நோட்டில் நேரம் போட்டு வரிசையாக ஏதோ எழுதியிருந்தாள், நோயாளிக்குக் காய்ச்சல் அட்டை எழுதுவாளே, அதைப் போல. எதிரே தம்பி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வேலையில இருந்தேன். போன் பண்ணி வான்னு மட்டும் சொன்னா" என்றான் அவன்.

"உட்காரு பாப்பா" என்றாள் அம்மா. முப்பத்தெட்டு வயதிலும் அவள் அம்மாவுக்குப் பாப்பாதான். "முற்றுப்புள்ளி நீதானே?"

 பெரியவள் தலையை ஆட்டினாள்.

"காலையில படியில இவன் ஏழாம் படுக்கைன்னு கத்தினான். எங்கேருந்து இவனுக்கு அந்த நம்பர் தெரியும்னு யோசிச்சேன். அப்புறம் இதுல தேடினேன். நீதானே எப்படித் தேடறதுன்னு சொல்லிக் கொடுத்த." அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "எல்லாத்தையும் படிச்சேன். ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சு ஒன்றரைக்கு முடிச்சேன். அஞ்சு வாரமா எனக்காகச் சண்டை போட்டிருக்க."

"அம்மா, அறிக்கையில என்ன இருக்கோ அதைத்தான் நான்..."

"அறிக்கையில இருக்கறது நான் சொன்னது."

தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்" என்று அம்மா ஆரம்பித்தாள். குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. "வீட்டுக்குப் போற நோயாளி இருந்தா, போனதுக்கு அப்புறம் எழுதணும். நாங்க யாரும் அப்படிச் செய்ய மாட்டோம். கடைசி நேரத்துல வேலை குவியும்னு, ஒரு மணிக்கே 'சென்றார்'னு எழுதி நேரமும் போட்டு வச்சிருவோம். எல்லாப் பிரிவுலயும் அதுதான் பழக்கம். அன்னிக்கு ஏழாம் படுக்கைக்கு நான்தான் எழுதினேன். 'சென்றார், ஒன்று முப்பது'. எழுதும்போது மணி ஒன்று பத்து. அவர் திரையை இழுத்து விட்டுட்டு உள்ள சட்டை மாத்திட்டிருந்தார்."

"அம்மா, போதும்" என்றான் தம்பி.

"ஒன்று நாப்பதுக்குப் புகை வந்துச்சு. பதிவேட்டைக் கையில எடுத்துக்கிட்டேன். எத்தனை பேருன்னு பாத்தேன். பத்து. பத்துப் பேரையும் வெளிய கொண்டு வந்தோம், நானும் வார்டு உதவியாளரும். மூணு பேரை நான் முதுகுல போட்டுட்டு வந்தேன். வெளிய வச்சு எண்ணினேன். பத்து. சரியா இருந்துச்சு. புகை பரவக்கூடாதுன்னு கதவைச் சாத்தினேன். அப்படித்தான் செய்யணும்னு எங்களுக்குப் பயிற்சி."

பெரியவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் கூப்பிட்டாரான்னு தெரியாது. அபாய மணி அலறிக்கிட்டே இருந்துச்சு, ஒண்ணும் கேக்கல. கூப்பிட்டிருப்பார்." அம்மா நோட்டின் பக்கத்தைத் தடவிவிட்டாள். "பதிவேட்டைப் பத்திரமாக் கொண்டு வந்தேன் பாப்பா. ஒரு பக்கம்கூடக் கசங்கல."

"விசாரணையில..."

"கேட்டாங்க. 'இது உங்க கையெழுத்தா?' ஆமான்னேன். 'அவர் வெளிய போனதை உங்க கண்ணால பாத்தீங்களா?' பாத்தேன்னேன். அவ்வளவுதான் கேட்டாங்க. மாவுக்கட்டைப் பத்தி ஒருத்தரும் கேக்கல. பத்துப் பேரைக் காப்பாத்தினவகிட்ட யார் குறுக்குக் கேள்வி கேப்பாங்க?"

தம்பி எழுந்து ஜன்னலுக்குப் போனான். வந்தான். மறுபடி போனான். "இருபத்தாறு வருஷம். எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா உங்க மூஞ்சி இப்ப இருக்கற மாதிரிதானே இருந்திருக்கும்? இதைப் பாக்கற தைரியம் எனக்கு இல்ல."

 பெரியவள் அழவில்லை. அழ வேண்டிய இடத்தில் ஏதோ கல்லாக நின்றது. ஐந்து வாரமாக அவள் ஆதாரம், அடிக்குறிப்பு, பக்க எண் என்று அடுக்கியதெல்லாம் இந்த வீட்டில் கிளம்பிய ஒரு பொய்க்குக் காவல் காத்த வேலை. இறந்தவரின் பிள்ளை வந்து உண்மையைச் சொன்னபோது, இவள் 'மேற்கோள் தேவை' என்றாள்.

"மணி நாலு இருபது" என்றாள் அம்மா. "அஞ்சுக்குள்ள பதில் போடணும்னு அந்த ரேடியோக்காரர் சொல்லியிருக்கார். நான் சொன்னதை அப்படியே போடு. அறிக்கை தப்பு, செவிலியரே சொல்லிட்டாங்கன்னு கட்டுரையைத் திருத்தச் சொல்லு."

"அது முடியாதும்மா."

"ஏன்?"

இந்தப் பதிலை அவள் நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம் சொல்ல வாய் கூசியது. "நேர்ல பாத்தவங்க சொல்றது அங்க செல்லாது. ஏற்கெனவே அச்சுல வந்திருக்கணும். பேப்பரோ, புத்தகமோ, அறிக்கையோ. நீ வந்து சொன்னேன்னு நான் எழுதினா, நாளைக்கே இன்னொருத்தர் எடுத்துருவார். எடுக்கறதுதான் சரி."

"அப்ப அச்சுல இருக்கற பொய்தான் நிக்குமா?"

"இப்போதைக்கு நிக்கும்."

"நல்ல விதி" என்றாள் அம்மா. கேலியா, ஒப்புக்கொண்டாளா என்று தெரியவில்லை.

தம்பி பாய்ந்து வந்தான். "அப்புறம் என்ன? எதுவும் மாறப் போறதில்லேல்ல? எதுக்குச் சொல்லணும்? அக்கா, இல்லைன்னு போடு. நேர்மை நெஞ்சம் யாருன்னு எனக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரன் எங்க இணைப்பைத் திருடறான்னு போடு. நாளைக்கு இது கேஸாகும். அம்மாவுக்கு அறுபத்துநாலு வயசு. யோசிச்சுப் பாரு!"

"நீ உட்காரு தம்பி" என்றாள் அம்மா.

"உட்கார மாட்டேன். ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் உண்மை வேணும். எனக்கு நீ வேணும்."

 மீசை வைத்த ஆறு வயதுப் பிள்ளை. பெரியவளுக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அவன் சொல்வதில் தப்பும் இல்லை. ஒதுங்கிவிடலாம். பதிலே போடாமல் இருந்துவிடலாம். ஐந்து மணி அடிக்கும், ரேடியோ ஏதோ முடிவெடுப்பார், கட்டுரையில் ஏதோ ஒரு சொல் நிற்கும்.

அம்மா நோட்டை மூடி, பேனாவை அதன்மேல் நேராக வைத்தாள். ஒன்றும் வற்புறுத்தவில்லை. மகள் என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு ஐம்பத்திரண்டுக்குப் பெரியவள் எழுத ஆரம்பித்தாள். எழுதியதை அனுப்புவதற்கு முன் வாய்விட்டுப் படித்தாள்.

"'தொடர்பு உண்டு. அந்தச் செவிலியர் என் அம்மா. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. நேர்மை நெஞ்சம் என் தம்பி. இந்தக் கட்டுரையை இனி நான் தொட மாட்டேன். ஏழாம் படுக்கைக்கு: உங்கள் அப்பா வெளியே போகவே இல்லை. நீங்கள் சொன்னது சரி. அவர் உள்ளே இருக்கும்போதே "சென்றார்" என்று எழுதப்பட்டது. இதற்கு அச்சில் ஆதாரம் இல்லை. இன்று என் அம்மா என்னிடம் சொன்னார்.'"

"'எழுதப்பட்டது'ன்னு போடாதே" என்றாள் அம்மா. "எழுதினேன்னு போடு. நான் எழுதினேன்."

பெரியவள் திருத்தினாள். 'என் அம்மா எழுதினார்.'

தம்பி கையை நீட்டினான். கைபேசியைப் பிடுங்கப் போகிறான் என்று நினைத்தாள். அவன் நீட்டிய கையை மேசைமேல் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் அனுப்பினாள்.

ஐந்து மணி ஆயிற்று. பழைய ரேடியோவிடமிருந்து ஒரு வரி வந்தது: 'நன்றி. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நான் யோசிக்க வேண்டும்.' பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் பெரியவளுக்கு அதன் பொருள் தெரியும். தொடர்பை மறைத்ததற்காகத் திங்கட்கிழமைக்குள் அவள் கணக்கைத் தடை செய்வார்கள்.

ஏழாம் படுக்கையிடமிருந்து சத்தமில்லை. ஐந்து பத்து. ஐந்து பதினைந்து. அம்மா எழுந்து டீ போட்டாள். மூன்று கோப்பையும் தொடப்படாமல் ஆறின.

ஐந்து முப்பத்தைந்துக்கு வந்தது.

'அவங்க உயிரோடு இருக்காங்களா?'

பெரியவள் அதைப் படித்துக் காட்டினாள். தம்பி, "வேண்டாம்" என்றான். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"இருக்கேன்னு எழுது" என்றாள் அம்மா.

இருக்கிறார் என்று பெரியவள் எழுதினாள். இந்த முறை பதில் உடனே வந்தது.

'என்னை ஞாபகம் இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க.'

 அம்மா கோப்பையின் காதைப் பிடித்துத் திருப்பி வைத்தாள். மறுபடி திருப்பினாள்.

"நீல கவுன். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி ஓடி வந்துச்சு அந்தப் பொண்ணு. 'சிஸ்டர், வண்டி கொண்டு வந்துடறேன், அதுவரைக்கும் அப்பாவைப் பாத்துக்கோங்க'ன்னுச்சு. நான் எழுதிட்டிருந்தேன். தலை நிமிராம சரின்னேன்." அம்மா மகளைப் பார்த்தாள். "அதையும் எழுது."